பழைய இரும்பில் புதிய வில்

மலைப்பாதையிற் பழைய ஜீப் ஒன்றில் ஏறிச்சென்று மீண்டவர்க்கு அப்பிரயாணத்தின் இயல்பை யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கல்லின்மேல் ஏறிய சக்கரம் இறங்குமுன் இருக்கையில் அமர்ந்தவர் தலை கூரையைத் தொட்டு மீளும். கையிற் பற்றிய கம்பியே உயிர்த்துணையாகும். ஊர் வந்து சேர்ந்த பின்னும் உடம்பு நெடுநேரம் ஆடிக்கொண்டேயிருக்கும். இதனைப் பட்டறிந்த இளைஞர் சிலர், "இவ்வண்டியின் வில்லை மாற்றினால் என்ன? பழைய இரும்புக்கடையில் பட்டைகள் கிடைக்கின்றன, பட்டறை இருக்கிறது, நமக்குக் கைகளும் இருக்கின்றன" என்று கிளம்புவர். பெரியோர் சிலரோ, "குப்பையிற் பொறுக்கிய இரும்பை நம்பி மலையேறுவதா?" என்று தடுப்பர். இவ்வாதம் பல இடங்களிலும் நிகழ்வதே. இதனைப் பற்றி எமக்குத் தோன்றிய கருத்தைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சுருங்கக் கூறின், இருசாராரும் பாதி உண்மையையே பற்றி நிற்கின்றனர். பழையது என்பதனாலேயே ஓர் இரும்புத்துண்டு இகழத்தக்கதாகிவிடாது. தம் கையாற் செய்தது என்பதனாலேயே ஒரு பொருள் நம்பத்தக்கதாகிவிடவும் மாட்டாது. ஒவ்வொரு பாகத்தையும் கையிலெடுத்து, "இது முறிந்தால் விளைவது என்ன? அவ்விளைவைச் சுமப்பவர் யார்?" என்று கேட்டல் வேண்டும். இக்கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லத் தெரிந்தவன் பழைய இரும்பைக் கொண்டு நல்ல வேலை செய்யலாம். விடை சொல்லத் தெரியாதவன் புதிய இரும்பைக் கொண்டும் அதனைச் செய்தல் ஆகாது. இதுவே யாம் நிலைநாட்ட விரும்புவது.

வண்டியின் உடலுக்கும் அச்சுக்கும் நடுவே நின்று பாதையின் அதிர்ச்சியை ஏற்றுக்கொள்ளும் உறுப்புகளின் தொகுதியைப் பட்டறையில் 'சஸ்பென்ஷன்' என்பர். அதனை யாம் இங்கு வில்லமைப்பு என்று வழங்குவாம். பழைய ஜீப்பில் முன்னும் பின்னும் நீண்ட அச்சு ஒவ்வொன்று குறுக்கே கிடக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் அருகே எஃகுப்பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நான்கு பட்டைவில்கள் அவ்வச்சுகளோடு பிணைந்து வண்டியைத் தாங்குகின்றன. வில்லின் ஒருமுனை வண்டிச்சட்டத்தில் நிலையாகப் பூட்டப்பட்டிருக்க, மறுமுனை 'ஷேக்கிள்' என்னும் சிறு இணைப்பினால் ஊசலாடிக்கொண்டிருக்கும். வில் நிமிருங்கால் நீளுதற்கு இடம் வேண்டுமன்றோ? இவற்றோடு துள்ளலை அடக்கும் ஷாக் அப்ஸார்பர்களும் உண்டு. அமைப்பு இவ்வளவே. இதன் எளிமையே இளைஞரைக் கைவைக்கத் தூண்டுகிறது.

பழைய இரும்பை இகழ்வோர்க்கு ஒரு வரலாற்றுச் செய்தியை முதலில் நினைவூட்டுவாம். ஜீப் என்னும் வண்டியே பிறர்க்கென அமைந்த பாகங்களைச் சேர்த்துப் பிறந்ததுதான். 1940-ஆம் ஆண்டு அமெரிக்கப் படைத்துறையார், நான்கு சக்கரங்களும் இழுக்கும் சிறு வண்டியொன்றின் மாதிரியை 49 நாட்களுக்குள் செய்துதரல் வேண்டும் என்று கேட்டனர். பாண்டம் என்னும் சிறு கம்பெனியார் கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறிஞரைக்கொண்டு அதற்கு முற்பட்டனர். அத்துணைக் குறுகிய காலத்தில் எல்லாவற்றையும் புதிதாகச் செய்தல் இயலாது. ஆகவே ஸ்டூடிபேக்கர் மோட்டார் காருக்கென இருந்த அச்சுகளைத் திருத்தியும், பிறர் செய்து விற்ற எஞ்சினையும் பற்சக்கரப்பெட்டியையும் பூட்டியும் அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் மாதிரி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினர். அதனினின்று வளர்ந்த வண்டியை வில்லிஸ், போர்டு ஆகிய இரு கம்பெனியாரும் 1941 முதல் 1945 வரை ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையிற் செய்து குவித்தனர். கிடைத்ததைக்கொண்டு தகுந்ததை அமைத்தல் இழிவாயின், ஜீப்பின் பிறப்பே இழிவாகும்!

போர் முடிந்தபின் நிகழ்ந்ததும் இதுவே. பிலிப்பைன்ஸ் தீவுகளில் அமெரிக்கர் விட்டுச்சென்ற ஜீப்புகளை அந்நாட்டார் நீட்டி, பின்புறம் இரண்டு நெடும்பலகைகளை எதிரெதிரே இட்டு, கூரை வேய்ந்து, 'ஜீப்னி' என்று பெயரிட்டு, பல தலைமுறைகளாக நகரமாந்தரை ஏற்றிச்சென்றனர். நம் நாட்டிலும் படைத்துறை கழித்த ஜீப்புகளையும் அவற்றின் உதிரிப்பாகங்களையும் கொண்டு வண்டி அமைத்துத் தருவதற்கு ஹரியானாவிலுள்ள மண்டி டப்வாலி என்னும் ஊர் பெயர்பெற்றது. நம் பக்கத்தை நோக்கினால், தேனி மாவட்டத்துப் போடியினின்றும் கம்பத்தினின்றும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் விடியற்காலையிற் கூலிவேலைக்குச் செல்லும் பெண்கள் பலர் மலையேறுவது ஜீப்பில்தான். இவ்வண்டிகளின் வில்களைப் பிரித்து, மாற்றி, மீண்டும் கட்டித்தரும் தொழிலாளர் ஏட்டுக்கல்வி பெற்றவரல்லர். எனினும் அவர்தம் கைத்திறனின்மேல் நாள்தோறும் பல உயிர்கள் ஏறி அமர்கின்றன. அத்திறனை மதியாத கல்வி கல்வியாகாது என்பது எம் துணிபு.

ஆயினும் துணிந்து கைவைக்கும் இளைஞர்க்கு யாம் கூறவேண்டுவது இதனினும் மிகுதி. அதனைப் பிறர் குற்றமாகக் கூறாது, எம் குற்றமாகவே கூறுவாம். எம் மாணவப்பருவத்தில் விடுமுறை நாட்களில் மலையூர்களுக்கு மருந்துப்பெட்டியோடு செல்லும் குழுவொன்றில் யாமும் இருந்தோம். நண்பர் ஒருவர் வீட்டுப் பழைய ஜீப் எமக்கு உதவியது. சுமை ஏறியதும் அதன் பின்புறம் தாழ்ந்துபோதலைக் கண்டு, கழித்துப்போட்ட லாரி ஒன்றின் வில்லினின்று தடித்த பட்டைகளை வாங்கி, அளவுக்கு அறுத்து, பக்கத்துக்கு இரண்டாகச் செருகினோம். வண்டி நிமிர்ந்து நின்றது. யாமும் நிமிர்ந்து நின்றோம். அடுத்த பயணத்தில் மேலூரில் வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்த மூதாட்டி ஒருத்தியை அவ்வண்டியிற் கிடத்தி இறக்க நேர்ந்தது. கல் ஒவ்வொன்றிற்கும் அவள் கதறிய குரலை இன்றும் மறந்திலோம். ஆள் நடக்கும் வேகத்தினும் மெல்ல உருட்டி அடிவாரம் சேர்த்தோம்.

அடிவாரத்துப் பட்டறையில் முதியவர் ஒருவர் வண்டியின் அடியிற் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பிகளா, இந்த வண்டி இப்போ மூட்டையைத் தாங்கும், மனுசரைத் தாங்காது" என்றார். எம் பௌதிக நூல்களில் அடங்கியிருந்த ஓர் அதிகாரத்தை அவர் ஒரே வாக்கியத்திற் சொல்லிவிட்டார். அதுமட்டுமன்று. வில்லின் முனை பூட்டப்பட்டிருந்த இடத்தில் வண்டிச்சட்டம் மயிரிழையளவு வெடித்திருத்தலையும் அவரே விரல்வைத்துக் காட்டினார். பழைய ஆடையிற் புதிய துணியை ஒட்டவைத்தால் கிழிசல் பெரிதாகும் என்னும் திருமறை உவமையை யாம் சிறுவயது முதற் கேட்டவரே. அதன் பொருளை அன்றுதான் கண்ணாற் கண்டோம். வில் வளையாது மறுத்த அதிர்ச்சி வேறெங்குப் போகும்? சட்டத்தினுள் ஏறி அதனை வெடிக்கச் செய்தது. எஞ்சியது அம்மூதாட்டியின் உடம்பில் ஏறியது.

யாம் செய்த பிழையாது? கடினத்தை வலிமையென்று மயங்கியதே. விசைக்கு ஏற்றவாறு வில் நீளும் என்னும் விதியை இராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். அதனைத் தேர்வுத்தாளிற் பிழையின்றி எழுதி மதிப்பெண் பெற்றிருந்தோம். ஆனால் பட்டைவில்லின் கடினம் பட்டையின் தடிப்போடு நேர்விகிதத்தில் அன்று, தடிப்பின் கனத்தோடு உயர்கிறது என்பதனை எண்ணிப்பார்த்திலோம். 6 மில்லிமீட்டர்ப் பட்டைக்குப் பதிலாக 8 மில்லிமீட்டர்ப் பட்டையை இட்டால், பார்வைக்கு வேறுபாடு ஒரு நகத்தின் தடிப்பளவே. கணக்கிட்டாலோ 6-இன் கனம் 216, 8-இன் கனம் 512. கடினம் இருமடங்குக்கும் மேலாகிவிடுகிறது. நீளமும் அத்தகையதே, வில்லின் நீளத்திற் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் கடினம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறும். மேலும், ஒரே அளவு வளையுங்கால் தடித்த பட்டையின் மேற்புறமே மிகுதியான இழுவிசையைத் தாங்க நேர்கின்றது. ஆகவே தடித்தது நெடுநாள் உழைக்கும் என்பதும் உறுதியன்று.

கடினம் ஏறினால் உடம்புக்கு என்ன என்பதனை மாணாக்கர் எளிதிற் கணக்கிடலாம். வண்டியின் பாரத்தால் வில் எத்துணைத் தாழ்கின்றதோ அத்துணை நீளமுள்ள ஊசல் எவ்வளவு விரைவாக ஆடுமோ, அவ்வளவு விரைவாக வண்டியின் உடலும் மேலுங்கீழும் ஆடும். வில் 10 சென்டிமீட்டர் தாழ்ந்தால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 95 ஆட்டம்; இது மனிதன் நடக்கும் காலடியின் கதியை ஒத்ததாதலின் உடம்புக்குப் பழகியது. கடினத்தை நான்குமடங்காக்கி 2.5 சென்டிமீட்டரே தாழும்படி செய்தால் 190 ஆட்டமாகும். அஃதாவது நொடிக்கு மூன்றுக்குமேல். நொடிக்கு 4 முதல் 8 வரையுள்ள மேல்கீழ் அதிர்வே அமர்ந்திருக்கும் உடம்பை மிகவும் வருத்துவது என்று அளந்து கண்டுள்ளனர். பட்டைகளைக் கூட்டக் கூட்ட நாம் அவ்வெல்லையை நோக்கியே வண்டியைத் தள்ளுகிறோம்.

ஆயின் செய்யத்தக்கது யாது? முதலிற் செய்யவேண்டுவது ஒன்றையும் சேர்ப்பதன்று. உள்ளதைப் பிரித்துப் பார்ப்பதே. பல ஆண்டு சேறும் நீரும் புகுந்த பட்டைவில்லில் பட்டைகளுக்கிடையே துரு ஏறியிருக்கும். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினாலன்றி வில் வளையாது. துருவாற் பிணிக்கப்பட்ட ஏழு பட்டைகள் ஒரே கட்டையைப்போல் நடந்துகொள்ளும். வண்டியைத் தாங்குகோல்களின்மேல் உறுதியாக நிறுத்தி, வில்லைக் கழற்றி, பட்டைகளுக்கு முறையே எண்ணிட்டு, துருவைத் தேய்த்தெடுத்து, கிராபைட் கலந்த கிரீஸைப் பூசி மீண்டும் அடுக்கினால், பெரும்பாலான பழைய ஜீப்புகள் புதிய வில் பெற்றனபோல் ஆகிவிடும். செலவு ஒருநாள் உழைப்பும் சிறிது கிரீஸும். எம் வண்டிக்கும் அம்முதியவர் செய்தது இதுவே. எம் லாரிப்பட்டைகளைக் கழற்றி மூலையில் எறிந்தார். பழைய பட்டைகளைத் துலக்கி, இழந்த வளைவைச் சம்மட்டியாற் சிறிது சிறிதாகத் தட்டி மீட்டார். சட்டத்து வெடிப்பைத் தேர்ந்த கையொருவரைக் கொண்டு சீர்செய்வித்தார்.

இரண்டாவதாக நோக்கத்தக்கவை, வில்முனைக் கண்களிலும் ஷேக்கிளிலும் அமைந்த புஷ்கள். இவை தேய்ந்தால் வண்டி எங்கும் 'கடகட'வென்று ஓசையெழும். ஓட்டுநர் ஒரு திசையில் திருப்ப, வண்டி சற்றுத் தாமதித்தே கேட்கும். கடைசல் யந்திரம் உள்ள பட்டறையில் நல்ல நைலான் உருளையைக் கடைந்து புஷ் செய்துகொள்ளுதல் மாணாக்கர் கைக்கு எட்டிய வேலை. ரப்பர் தரும் மென்மை அதற்கில்லை என்பதை மட்டும் மறத்தலாகாது. வில் அளவிறந்து வளையுங்கால் அச்சு சட்டத்தில் மோதாமல் தடுக்கும் ரப்பர் முட்டுகளைக் கழித்த லாரி டயரினின்று அறுத்தெடுத்து அமைக்கலாம். இவை தேய்ந்தால் முன்கூட்டியே ஓசையால் அறிவிக்கும். திடீரென ஆளைக் கைவிடமாட்டா. கைவேலைக்கு உரிய இடம் இத்தகையதே. சக்கரத்தினுள் அடைபட்ட காற்றும் ஒரு வில்லே என்பதையும் மறத்தல் கூடாது. அளவுக்கு மீறிக் காற்றடித்துவிட்டுப் பட்டைவில்லைப் பழிப்பவர் பலர்.

பட்டை ஒன்று உண்மையாகவே முறிந்து, அதற்கீடாகப் பழைய இரும்புக்கடையிற் பட்டை தேட நேர்ந்தால், தேர்வில் மிக்க கவனம் வேண்டும். அகலமும் தடிப்பும் மூலப்பட்டையோடு ஒத்திருத்தல் முதல் நிபந்தனை. பின்னர் அதன் உள்வெடிப்பை ஆராய்தல் வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. பட்டையை நன்கு துலக்கி, மண்ணெண்ணெய் பூசிச் சிறிதுநேரம் ஊறவைத்துத் துடைத்துவிட்டு, சாக்கட்டித்தூளைத் தூவினால், வெடிப்பினுள் ஒளிந்த எண்ணெய் கசிந்து வெண்மையின்மேல் கருங்கோடு காட்டும். நடுப்போல்ட் நுழையும் துளையைச் சுற்றியும் ஓரங்களிலும் சிறப்பாகப் பார்த்தல் வேண்டும். பட்டை பெரும்பாலும் அங்கேதான் முறிகின்றது. ஆழமான கீறலும் அரிப்புக்குழியும் உடைய பட்டையை, அது எவ்வளவு மலிவாயினும், கீழே வைத்துவிடுதலே அறிவு.

இவ்விடத்தில் ஒரு விலக்கை அழுத்திக் கூறுவாம். வில்பட்டையைப் பற்றவைத்தல் ஒருபோதும் ஆகாது. வில்லெஃகு வெறும் இரும்பன்று. ஏறத்தாழ 850 பாகை சென்டிகிரேட் வரை காய்ச்சி, எண்ணெயில் துவைத்து, மீண்டும் இளஞ்சூட்டிற் பதப்படுத்தி அதற்கு அக்குணத்தைத் தந்திருக்கின்றனர். பற்றவைக்கும் சுடர் பட்ட இடத்தில் அப்பதம் அழிந்து, கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை வந்துவிடுகின்றது. மேற்பார்வைக்கு அழகாக ஒட்டிய பட்டை, வளைவில் முன்னறிவிப்பின்றி இரண்டாகும். அதனை அறுக்கும்போதும் நெருப்பால் அறுக்காமல், சூடேறாதவாறு மெல்ல அறுத்தல் வேண்டும். பதம் என்னும் சொல்லைச் சோற்றுக்கும் எஃகுக்கும் ஒன்றாகவே வழங்கிய நம் முன்னோர், இரண்டிலும் தவறினால் மீட்பில்லை என்பதனை அறிந்தே வழங்கினர் போலும்!

ஷாக் அப்ஸார்பர்களைப் பற்றியும் ஒரு சொல். வேறு வண்டியினின்று கழற்றிய ஷாக் அப்ஸார்பரைப் பூட்டுதல் வழக்கம்; அதிற் குற்றமில்லை. ஆனால் எண்ணெய் கசியாததும், கையால் இழுத்தும் அழுத்தியும் பார்க்குங்கால் வெற்றிடமின்றி ஒருசீராக எதிர்ப்பதுமே தகுதியானது. அதன் நீளமும் பொருந்தவேண்டும். அச்சு ரப்பர் முட்டைச் சேருமுன் ஷாக் அப்ஸார்பரின் உள்நீளம் தீர்ந்துவிட்டால், வண்டியின் முழுப் பாரமும் அதன் சிறு கொக்கியின்மேல் விழுந்து அதனைப் பிடுங்கிவிடும். ஆதலின் வில்லை முழுதும் தாழ்த்தியும் முழுதும் இறக்கியும் இரு நிலைகளிலும் அளந்த பின்னரே வாங்குதல் முறை.

இனி, இளைஞரிடையே பரவியுள்ள மற்றொரு மோகத்தைக் கண்டிக்கவேண்டியவராக உள்ளோம். அது வண்டியை உயர்த்தி நிறுத்தும் மோகம். நீண்ட ஷேக்கிளைத் தகட்டில் வெட்டிப் பூட்டினால் வண்டி உயர்கின்றது. பார்க்கக் கம்பீரமாகவும் இருக்கின்றது. ஆனால் ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது ஏறத்தாழ ஓர் அங்குலமே. அவ்வோர் அங்குலத்திற்காக முன்னச்சின் சாய்கோணம் மாறி, ஸ்டீயரிங் அலையத் தொடங்குகிறது. புரொப்பெல்லர் ஷாப்ட் பொருந்தாக் கோணத்திற் சுழன்று தேய்கிறது. பிரேக் எண்ணெய் செல்லும் ரப்பர்க்குழாய் சக்கரம் தாழுங்கால் இழுபட்டு அறும் நிலையை அடைகிறது. கரடுமுரடான பாதையில் சக்கரம் நிலத்தை விடாமல் பற்றுதற்கு வேண்டுவது வண்டியின் உயரமன்று. வில் தாராளமாக வளைந்து நிமிரும் நெகிழ்ச்சியே.

கவிழ்தல் என்னும் பேரிடரையும் எண்ணிப்பார்க்க. இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் இடையே 120 சென்டிமீட்டரும், ஈர்ப்புமையத்தின் உயரம் 60 சென்டிமீட்டரும் உடைய வண்டி ஒன்றைக் கொள்வோம். அது 45 பாகை சாய்ந்தால் கவிழும் தறுவாயை அடையும். அவ்வீர்ப்புமையத்தை 8 சென்டிமீட்டர் உயர்த்தினால் அவ்வெல்லை 41 பாகைக்குச் சுருங்கும். வில்லும் டயரும் ஒருபுறம் அமுங்குவதைச் சேர்த்தால் உண்மையில் எல்லை இன்னும் குறைவே. கூரையின்மேல் மூட்டையும், பின்னே அளவுக்கு மீறிய ஆட்களும் ஏறிய வண்டிக்கு இக்கணக்கே போதிய எச்சரிக்கை. மயிற்பீலியாயினும் அளவிறந்து ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் வண்டியை வைத்தே அறிவுறுத்தினார். வில்லைத் திருத்திவிட்டோம் என்னும் துணிவில் ஆறுபேர் ஏறவேண்டிய வண்டியிற் பதினாறுபேரை ஏற்றுவோமாயின், நம் திருத்தமே தீமைக்கு வாயிலாகும். திருந்திய வில் நல்ல பிரயாணத்துக்கே ஒழிய மிகுந்த சுமைக்கன்று.

இதுகாறும் கூறியவற்றால் ஓர் எல்லைக்கோடு தோன்றுதல் காண்க. துலக்குதல், கிரீஸிடுதல், புஷ் கடைதல், ரப்பர்முட்டு அமைத்தல், ஒத்த அளவுடைய பட்டையை ஆராய்ந்து இடுதல் ஆகியவை கோட்டுக்கு இப்பால். ஸ்டீயரிங் கோல்களும் அவற்றின் முனைகளும், பிரேக்கின் குழாய்களும், வில்லை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டுகளும், ஷேக்கிள் ஊசிகளும் கோட்டுக்கு அப்பால். இவற்றைப் பழைய இரும்பிற் பொறுக்குதலோ வீட்டிற் செய்தலோ வேண்டா. ஒருமுறை முழுதும் இறுக்கி நீண்ட யூ போல்ட்டை மீண்டும் பூட்டுதலும் நன்றன்று. புதிதாயினும் சிறிது தூரம் ஓட்டியபின் மறுபடி இறுக்கிப் பார்த்தல் வேண்டும். முன்னவை முறிந்தால் பிரயாணம் தடைப்படும். பின்னவை முறிந்தால் பிரயாணி மடிவான். சிக்கனம் தன்னளவில் அறமே. பிறர் உயிரை ஈடுவைத்துச் செய்யும் சிக்கனமோ அறமாகாது.

சட்டமும் இத்திசையிலேயே நிற்கின்றது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை உரிமையாளர் மாற்றியமைத்தல் ஆகாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விதிக்கின்றது. 2019-இல் உச்சநீதிமன்றமும் அதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. இது கைத்திறனைக் கட்டிப்போடும் விதி என்று சிலர் வருந்துவர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. வண்டி பிறந்தபோது பெற்றிருந்த மென்மையை அதற்கு மீட்டுத்தரும் வேலைக்கு இவ்விதி தடையன்று. அவ்வேலையே நூற்றுக்கணக்கான பழைய வண்டிகளுக்கு இன்னும் ஒருவரும் செய்யாத வேலை. அதற்கு மேலும் சோதித்துப் பார்க்க விழைவோர் பொதுப்பாதையை விடுத்து, ஆளில்லாத தனிநிலத்திற் சோதித்தறிக.

"இத்தனை தொல்லை எதற்கு? பணம் சேர்த்துப் புதிய வண்டி வாங்கலாமே" என்பார்க்கு விடை கூறுதல் எளிது. இயலுமாயின் வாங்குக. சுருள்வில் பூண்ட புதிய வண்டிகள் பழைய ஜீப்பைவிட மெல்லச் செல்கின்றன என்பதை யாம் மறுப்பதற்கில்லை. ஆனால் மலையூர்களுக்கு மருந்தும் அரிசியும் நோயாளியும் இன்றும் செல்வது வாங்க இயன்ற வண்டியிலன்று, வாய்த்த வண்டியில். அவ்வண்டியைச் செவ்வையாக வைத்திருக்கத் தெரிந்த ஒருவன் அவ்வூருக்கு ஒரு வண்டி வாங்கித் தந்தவனுக்கு நிகராவான்.

ஆகவே நம் கல்லூரிக்கு யாம் முன்வைக்கும் வேண்டுகோள் இதுவே. பௌதிகம் பயிலும் மாணாக்கர் ஆண்டிற்குச் சில நாட்களேனும் பழைய வண்டி ஒன்றின் வில்லமைப்பைத் தம் கையாற் பிரித்துப் பூட்டுதற்கு இடம் செய்தல் வேண்டும். அதற்கு ஆசிரியராகப் பட்டறைத் தொழிலாளர் ஒருவரை மரியாதையோடு அழைத்து, நாற்காலி இட்டு அமர்த்தி, உரிய ஊதியம் தருதல் வேண்டும். மாணாக்கர் ஒவ்வொரு பட்டையின் அளவையும், பாரமேற்றிய தாழ்வையும், ஆட்டத்தின் எண்ணிக்கையையும் குறிப்பேட்டில் எழுதி, அவர் அனுபவத்தாற் கூறுவதைத் தம் கணக்கோடு ஒப்பிடுதல் வேண்டும். அங்ஙனம் ஒப்பிடுங்கால் சில இடங்களிற் கணக்கு அவரைத் திருத்தும். பல இடங்களில் அவர் கணக்கைத் திருத்துவார். இருவரும் ஒருவரையொருவர் மதிக்கக் கற்பர். கோபுரம் கட்டத் தொடங்குவோன் முன்னதாக உட்கார்ந்து செலவைக் கணக்கிடல் வேண்டும் என்னும் போதனைக்கு இதனினும் தெளிந்த பாடம் வேறு இராது.

மாணவ நண்பர்காள்! பழைய இரும்புக்கடையில் நுழைய நாணாதீர். அங்கு நுழைந்தபின் ஆராயாமலும் மீளாதீர். உங்கள் கை தொட்ட வண்டியில் நீங்கள் அறியாத ஒருவர் ஒருநாள் படுத்துக்கொண்டு மலையிறங்குவார். அவர் வில்லைக் காணார். அதில் எத்தனை பட்டை என்றும் கேளார். கல்லின்மேல் வண்டி ஏறும்போது தாம் கதறாதிருந்ததை மட்டும் அவர் உடம்பு அறியும். அவ்வறியாமையே உங்கள் வேலைக்கு அவர் தரும் நற்சான்று.